கடைசி எழுத்து

அவினாசித் தேருக்கு எதிர்ச்சந்தில்
ரப்பர் ஸ்டாம்பு கடை எனக்கு.
ஊர் அதிகாரம் முழுக்க
இடவலம் மாறித்தான் என் மேசையில் பிறக்கும்.
வி.ஏ.ஓ., சொசைட்டி செயலாளர்,
பனியன் கம்பெனிப் பங்குதாரர்,
எல்லோரையும் முதலில்
கண்ணாடிக்குள் பார்ப்பவன் நான்.

ஆடிக் காற்றில் கதவு படபடக்க
ஓர் அம்மா வந்தார். குட்டையான உருவம்.
கவிழ்த்த ஹெல்மெட்டுக்குள் கொத்தமல்லிக் கட்டு.
ஆணையின் நகலை விரித்து
'ந. கருணாம்பிகை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி'
என்று வாசித்தவர்
நடு வரியை விரலால் மறைத்தார்.
'இங்க மட்டும் கடைசியில யை-னு போடுங்க.'

விரலுக்கு அடியில் இருந்தது
தலைமையாசிரியர்.

'ர் மரியாதைதானுங்களே,
அதுல ஆம்பளை எங்கீங்க இருக்கான்?' என்றேன்.
'இல்லைதான்.
படிக்கிறவன் கண்ணுல மீசை முளைச்சுருதே.'
போன வாரம் யாரோ போனில்:
எச்செம் இருக்காருங்களா?
நான்தான்.
இல்லீங்க, அவர்கிட்ட குடுங்க.

வேறு பெயர்களும் இருந்தன அவருக்கு.
பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர்,
எட்டாம் வகுப்புப் பையன்கள்
உயரத்தில் அவரைத் தாண்டிய பிறகும்.
ஊராட்சித் தலைவருக்கு எச்செம் அம்மிணி.
ஒடிசாவிலிருந்து தறிக்கு வந்த பெண்களுக்கு ஹெட் தீதி.
பால்காரர் 'ஹெட்மாஸ்டரம்மா' என்றபோது
முன்பிருந்தவரின் மனைவியைத் தேடி
தானே திரும்பிப் பார்த்தாராம்.

செய்து கொடுத்தேன்.
அந்தச் சொல்லில் மூன்று இடத்தில் இரட்டைச் சுழி.
எழுதும்போது எழுத்துக்கு முன்னால் நிற்கும்,
சொல்லும்போது பின்னால் வரும்.
ரப்பரில் திருப்பிப் போட்டால்
நிற்பதும் பின்னால்தான்.
இருபது வருசத்தில் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார்.
மேலாண்மைக் குழுக் காசோலையை
வங்கியில் திருப்பிவிட்டார்கள்:
பதவிப் பெயர் பொருந்தவில்லை.
பெண்பிள்ளைகள் கழிவறைக்குக்
கதவு வாங்கும் காசோலை.

கோபத்தை எதிர்பார்த்தேன்.
அவரோ என் பில்லின் பின்பக்கம்
ஐ என்று பெரிதாக எழுதினார்,
இருபத்தொரு வருசம் தமிழ் நடத்திய கை.
'இது ரெண்டாம் வேற்றுமை உருபுங்க.
யார் மேல வேலை நடக்குதோ
அவங்க வாலுல ஒட்டும்.
ஆசிரியரை மாத்தினாங்க, ஆசிரியரைத் திட்டினாங்க.
ஆசிரியைக்குச் சும்மா நின்னாலே ஒட்டியிருக்கு.'
மூடப் போன பேனாவை மறுபடி திறந்தார்.
'பழைய தமிழ்ல இதே எழுத்து தனியா நின்னா
தலைவன்னு அர்த்தம். வியப்புன்னும் சொல்லுவாங்க.'
தலைவன் என்று எழுதி
கடைசி எழுத்தை அடித்தார்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அந்த இடத்தை அப்படியே விட்டார்.

ர் போட்டு இன்னொன்று செய்தேன்.
அதன் புள்ளிதான் எனக்கு எப்போதும் தொல்லை,
ஓரத்தில் நிற்கிறதா, முதலில் தேய்ந்து உதிரும்.
இரண்டையும் எடுத்துக்கொண்டார்.
வங்கிக்கும் கருவூலத்துக்கும் ஒன்று.
நூலகப் புத்தகங்களின் முதல் பக்கத்துக்கும்
மூன்றாம் வகுப்பு ஓவிய நோட்டுகளுக்கும் மற்றது.
என் மகள் நோட்டில் பார்த்தேன்,
மயிலின் காலுக்குக் கீழே
ஊதா மையில், கொஞ்சம் சாய்ந்து.

இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்:
ர்-ங்களா, யை-ங்களா?
சேவூரிலிருந்து வந்த ஒரு சார்
முறைத்துவிட்டுப் போனார்.
நேற்று, பதவி உயர்வில்
நம்பியூர்ப் பக்கம் போகும் ஓர் அம்மா
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
'எது சீக்கிரம் ஆகுமோ அதைப் போடுங்க,
நாலே காலுக்கு பஸ்' என்றார்.
ரெண்டும் ஒரே நேரம், ஒரே விலை என்றேன்.
ஆணையை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்து
பின்பக்கமாகப் படித்தேன்.
நிமிர்ந்தபோது
அவர் மணி பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.